காட்பாடியில் மீட்ட பெண் நாய்க்கு நிரந்தர வீடு தேடுவது எப்படி?

கேள்வி இதுதான்: காட்பாடி ரயில் நிலைய வாசலில் பைக் மோதிக் காலொடிந்து கிடந்த ஒரு பெண் நாட்டு நாயைத் தூக்கிவந்து வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். வயது ஒன்றரை இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கால் கூடிவிட்டது, லேசாக நொண்டுகிறது. வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரர் நெருக்குகிறார். நிரந்தரமாக ஒரு வீடு எப்படிப் பிடிப்பது, இல்லை எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெருவில் இருக்கிற எல்லா நாயையும் வீட்டுக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தெருவிலேயே பிறந்து வளர்ந்து, டீக்கடையில் பன்னும் நாலு வீட்டில் சோறும் கிடைத்து, தன் கூட்டத்தோடு தெம்பாக இருக்கும் பெரிய நாய் என்றால், கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடுவதுதான் அதற்கு நல்லது. 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. உங்கள் நாயின் நிலைமை வேறு. நொண்டும் நாயால் சித்தூர் ரோட்டில் வரும் வண்டிக்கு ஒதுங்கவும் முடியாது, மற்ற நாய்களிடம் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியாது. உங்கள் வீட்டுச் சோறும் நிழலும் பழகிவிட்டது, அவள் விட்டுவந்த இடத்தை வேறு நாய் பிடித்திருக்கும். போதாததற்கு 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கேயே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆக, ஸ்டேஷன் வாசல் என்பதை மறந்துவிடுங்கள். இவளுக்கு வீடுதான் தேட வேண்டும்.

வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் நாய்மேல் பிரியம் உள்ள ஆளைத் தேடுகிறார்கள். பிரியம் உள்ளவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கொடுத்த நாய் திரும்பி வருவதற்கும், ராத்திரியோடு ராத்திரியாகப் பாலாற்றங்கரையில் விடப்படுவதற்கும் காரணம் பிரியம் குறைந்துபோனது அல்ல. மாற்றல் வந்துவிட்டது, மகளுக்குப் பிரசவம், புது வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, சோறு வைத்துக்கொண்டிருந்த பாட்டி இறந்துவிட்டார், இந்த மாதிரிதான் இருக்கும். அதனால் ஒரு வீட்டைப் பார்க்கும்போது, இப்போது ஆசைப்படுகிற ஆள் இல்லாமல் போனாலும் அங்கே நாய்க்குச் சோறும் இடமும் இருக்குமா என்று பாருங்கள். இனி சொல்லப்போவது எல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

ஆள் தேடும் முன் அவளைத் தயார் செய்யுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தோடும் கருத்தடையோடும் கொடுக்கிற நாய்க்கும், வெறுங்கையோடு கொடுக்கிற நாய்க்கும் வரும் ஆட்களே வேறு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி உடனே போட்டுவிடுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் என்ற மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, இதுவரை எதுவுமே போடாத பெரிய நாய்க்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து. நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் நிறைய. ஈறு வெளுத்திருந்தாலும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போனாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் போல மாத்திரை கொடுத்தால் சரியாகிற நோய், கவனிக்காவிட்டால் உயிரை எடுத்துவிடும். இன்னொன்று, தெருவில் இருந்த பெண் நாய்க்குப் பிறப்புறுப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்துகொண்டே இருந்தால் பருவம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது இணை சேரும்போது ஒட்டிக்கொள்ளும் கட்டியாகவும் இருக்கலாம். பயப்பட வேண்டாம், வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரங்கள் வின்கிரிஸ்டின் என்ற மருந்தைப் போட்டால் பெரும்பாலும் முழுசாகக் கரைந்துவிடும். டாக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பண நெருக்கடி என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், தயக்கமே வேண்டாம்.

கருத்தடை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "நாங்களே பண்ணிக்கிறோம், நீங்க கொடுங்க" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, சொல்லும்போது மனதார நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அறுவைக்கு நாள் குறித்து, காலையில் பட்டினி போட்டு, ஆட்டோ பிடித்து, தையல் பிரிக்கும் வரை பத்து நாள் பார்த்துக்கொள்வது என்பது எல்லோராலும் தள்ளிப்போடப்படுகிற வேலை. அதற்குள் பருவம் வந்துவிடும், வாசலில் பத்து ஆண் நாய் நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், 63 நாள் போனால் ஆறேழு குட்டி. வீட்டை விட்டுத் துரத்தப்படும் பெண் நாய்களில் நான் பார்த்தவை அநேகமாக இந்த இரண்டு கட்டத்தில் ஒன்றில்தான் துரத்தப்பட்டன. விபத்தில் இடுப்பெலும்பும் அடிபட்டிருந்தால் பிரசவமே ஆபத்தாகலாம், எனவே உங்கள் நாய்க்கு இது இரட்டிப்பு அவசியம். இப்போது பருவத்தில் இருந்தால் அது முடிந்து சில வாரம் கழித்துச் செய்யச் சொல்வார்கள், காத்திருங்கள். கருத்தடை ஆனதும் உங்களுக்கு இன்னொரு பலமும் கிடைக்கும். நம் ஊரில் கேட்பவர்கள் முக்கால்வாசிப் பேர் ஆண் நாய்தான் கேட்பார்கள். "குட்டியே போடாதுங்க, வீட்டை விட்டு அதிகம் சுத்தவும் போகாது" என்று நீங்கள் சொல்கிற இடத்தில் பாதிப் பேர் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இதற்கிடையில் அவளைக் கவனித்து எழுதிவையுங்கள். பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறாள், கோழியைத் துரத்துகிறாளா, சின்னப் பிள்ளைகள் ஓடினால் பின்னாலேயே ஓடிக் கடிக்கப் பார்க்கிறாளா, ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் நடுங்குகிறாளா (பைக்கில் அடிபட்ட நாய், நடுங்கினால் ஆச்சரியமில்லை), தனியாக விட்டால் அழுகிறாளா, சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் உறுமுகிறாளா. குறையை மறைத்துக் கொடுத்தால் மூன்றாவது நாள் போன் வரும். கழுத்துப்பட்டையும் கயிறும் பழக்கிவிடுங்கள், வெளியில் போய் ஒன்றுக்கு இருக்கும் பழக்கமும் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படம் எடுக்கும்போது ரத்தமும் கட்டுமாக இருந்த பழைய படங்களைப் போடாதீர்கள். அவை "ஐயோ பாவம்" என்று பகிர வைக்கும், வீட்டுக்கு அழைத்துப்போக யாரையும் கிளப்பாது. காலை வெளிச்சத்தில், நீங்கள் கீழே உட்கார்ந்து, அவள் கண் மட்டத்தில் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் உயரம் தெரியும். நடக்கிற மாதிரி ஒரு சின்ன வீடியோ, நொண்டல் தெரியும்படி. கீழே எழுதுவது இவ்வளவு போதும்: "பெண் நாட்டு நாய், வயது ஒன்றரை, எடை 14 கிலோ, முட்டி உயரம். தடுப்பூசிகள், கருத்தடை முடிந்தது. பின்னங்கால் லேசாக நொண்டும், ஓடுவாள், மாடி ஏறுவாள். பெரியவர்களிடம் சாது, கோழி இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வேலூர், ராணிப்பேட்டை சுற்றுவட்டாரம் மட்டும். வீட்டைப் பார்த்த பிறகே கொடுப்போம்." எடையும் குணமும் உங்கள் நாய்க்கு எது உண்மையோ அதைப் போடுங்கள். உங்கள் வீட்டு முகவரியை மட்டும் எங்கேயும் போட்டுவிடாதீர்கள். நாய் பிரியர் வீடு என்று தெரிந்தால் விடிந்ததும் கேட் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் குட்டிகள் கிடக்கும்.

எங்கே தேடுவது? இணையத்தில் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நல்ல வீடுகள் பெரும்பாலும் வாய்வழியாக வந்தவை. நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமும் அவருடைய உதவியாளரிடமும் சொல்லிவையுங்கள், சமீபத்தில் வயதான நாயை இழந்த குடும்பம் எது என்று அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட குடும்பம் கிடைத்தால் பாதித் தேடல் முடிந்தது, கிண்ணமும் சங்கிலியும் பழக்கமும் ஏற்கெனவே அங்கே இருக்கும். பால்காரர், கோழிக்கறிக் கடைக்காரர் (நாய்க்கென்று கால், கழுத்து, ஈரல் தினமும் வாங்குபவர்கள் யார் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்?), வீடு வீடாகக் கேஸ் போடுகிறவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். சத்துவாச்சாரி, பாகாயம், காந்தி நகர் மாதிரி இடங்களில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் சொந்த வீட்டில் இருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. ஒன்றரை வயது அமைதியான நாய் அவர்களுக்குக் குட்டியைவிடப் பொருத்தம். ஆனால் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால், தங்களுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்பதை மகனிடமோ மகளிடமோ நீங்களே போனில் கேட்டுவிடுங்கள். சங்கடமான கேள்விதான், கேட்டே ஆக வேண்டும்.

வேலூருக்கே உரிய இரண்டு வகை ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது, விஐடி பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள். தங்க மனசு, காயம்பட்ட நாயைக் கண்டால் முதலில் ஓடுகிறவர்களும் அவர்கள்தான். வெளியில் அறை எடுத்துத் தங்கி நாய் வளர்க்கக் கேட்பார்கள். மே மாதம் வந்ததும் ஊருக்குக் கிளம்ப வேண்டும், நாலு வருஷத்தில் படிப்பே முடிந்துவிடும். ஊரில் இருக்கும் அம்மா அப்பா ஒத்துக்கொண்டு, அவர்களோடு நீங்கள் பேசி, அங்கேயே நாயை அனுப்புவதாக இருந்தால் மட்டும் கொடுங்கள். மற்றபடி, தற்காலிகமாக வைத்துக்கொள்ள, படம் எடுக்க, டாக்டரிடம் தூக்கிப்போக, இவர்களைவிட நல்ல துணை கிடையாது. இரண்டாவது, சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து தோட்டப்பாளையம் பக்கம் லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கும் வெளிமாநிலக் குடும்பங்கள். கவலையில் இருக்கிறவர்களுக்கு வாசலில் வரும் நாய் பெரிய ஆறுதல், "எங்களோடவே கூட்டிட்டுப் போறோம்" என்று கண் கலங்கிச் சொல்வார்கள். நோயாளியோடு ரயிலில் போகிறவர்கள் நாயையும் எப்படிக் கொண்டுபோவார்கள்? முதல் வகுப்பில் கூபே என்ற தனி அறை முழுவதையும் எடுத்தால்தான் நாய் கூடவே வரலாம், இல்லையென்றால் லக்கேஜ் வேனில் இருக்கும் கூண்டில்தான் போட வேண்டும். நம் வெயிலில் அந்தக் கூண்டில் இரண்டு நாள் பயணம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, கழனிக்கும் கொல்லைக்கும் காவலுக்கு நாய் கேட்பவர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆரணி, போளூர் பக்கமிருந்து இந்த மாதிரிதான் அதிகம் கேட்பார்கள். எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்லாதீர்கள். குடும்பமே கொல்லையில் குடியிருந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதே நாய்க்கும் சோறு வைத்து, ராத்திரி கட்டிலுக்கடியில் நாய் படுத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், டவுனில் எந்த மாடி வீட்டிலும் நாய்க்கு அப்படி ஒரு வாழ்க்கை கிடைக்காது. ஆனால் ஆளே தங்காத மோட்டார் கொட்டகையிலோ கோழிப் பண்ணையிலோ தோல் குடோனிலோ கட்டிப்போட என்று கேட்டால் கொடுக்காதீர்கள். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாயை வளர்ப்பு நாய் என்று சொல்லக்கூடாது, 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் இது குற்றம். கொல்லை வீட்டைப் பார்க்கப் போகும்போது கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா, எலி மருந்தை எங்கே வைக்கிறார்கள், பன்றிக்காகக் கம்பியில் கரண்ட் விடுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் உண்டா, காட்டோரம் என்றால் சிறுத்தை நடமாட்டம் உண்டா, ராத்திரி நாய் உள்ளே படுக்குமா வெளியிலா என்று எல்லாம் கேளுங்கள். நொண்டும் நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. அங்கே இருக்கிற மாட்டையும் கொஞ்சம் பாருங்கள். மாட்டின் விலா எலும்பு தெரிந்தால் நாயின் கதியும் அதுதான்.

எந்த வீடாக இருந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி இருந்த நாய் என்ன ஆச்சு?" என்பது. "பதினோரு வருஷம் இருந்துச்சு, கடைசியில கிட்னி போயிடுச்சு, தோட்டத்துலதான் புதைச்சோம்" என்று சொன்னால் மேலே பேசுங்கள். "எங்கியோ ஓடிடுச்சு", "வண்டில அடிபட்டுச்சு", "தெரிஞ்சவங்க கிட்ட கொடுத்துட்டோம்" என்று ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிச் சொன்னால் மரியாதையாக விடைபெற்றுவிடுங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சோறு யார் வைப்பார்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் உண்டா, இவையும் உண்டு. இந்தக் கேள்விகளை ஆசைப்பட்டு வந்த பையனிடம் கேட்காதீர்கள், சமையலறையில் இருக்கிற அம்மாவிடம் கேளுங்கள். நாயைத் தினமும் பார்க்கப்போவது அந்த அம்மாதான், அவர் முகம் சுருங்கினால் அந்த வீடு வேண்டாம். பைரவருக்கு நேர்ந்துகொண்டு கறுப்பு நாய் தேடி வருகிறவர்களும் உண்டு. பக்தியோடு பதினைந்து வருஷம் வைத்துக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், பரிகாரம் முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், பேசிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ஒரு வீடு பிடித்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த தடுப்பூசிக்கு அவர்களையே டாக்டரிடம் வரச் சொல்லுங்கள். அரை நாள் ஒதுக்கி வந்து காத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரை வைத்துக்கொள்கிறார்கள், அன்றைக்கே ஏதாவது சாக்கு சொல்கிறவர்கள் அதற்குப் பிறகும் சாக்குதான் சொல்வார்கள். ஒரு வெள்ளைத்தாளில் பெயர், முகவரி, ஆதார் நகல், சங்கிலியிலேயே வைக்க மாட்டோம், வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தருவோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோர்ட்டுக்குப் போகிற காகிதம் இல்லை இது. ஆனால் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரை அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

கொண்டுபோய் விடுவது நீங்களாக இருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில். தீபாவளிக்கு முந்தின வாரமோ, பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கிற ஊருக்கு அந்த நாட்களிலோ கொடுக்கவே கொடுக்காதீர்கள், வெடிச்சத்தத்தில் கேட்டைத் தாண்டி ஓடிவிடும். அவள் படுத்த பழைய போர்வையை, துவைக்காமல், கூடவே அனுப்புங்கள். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு, அதோடு உடம்புப்பட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு. முதல் சில வாரம் கேட்டுக்கு வெளியே கயிறில்லாமல் விடக்கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். நாட்டு நாய் உங்களைத் தேடிப் பல மைல் நடக்கும், நடுவில் பைபாஸ் இருக்கிறது. முதல் நாளே குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவது வேண்டாம். மூன்று நாள் சாப்பிடாமல் மூலையில் கிடப்பாள், ராத்திரி அழுவாள், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் தன் வீடு என்று குரைப்பாள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டாம் நாள் ராத்திரி "ரொம்ப அழுவுது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்ற போன் வராது. சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம், சோறும் வேகவைத்த கோழியும் முட்டையும் தயிரும் போதும். வெந்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும், பகலில் தார் ரோட்டில் நடத்தினால் பாதம் வெந்துவிடும்.

பிறகு முதல் வாரம் இரண்டு தடவை பேசுங்கள், வீடியோவில் அவளைப் பார்த்துப் பேசுங்கள். இரண்டு வாரத்தில் ஒருமுறை நேரில், ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை. முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும் என்பார்கள் சிலர், எனக்கு அதில் உடன்பாடு இல்லை, நம்பிக் கொடுத்த வீட்டில் மரியாதை முக்கியம். ஒரு வருஷம் கழித்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் மாதத்தில் மறக்காமல் ஞாபகப்படுத்துங்கள்.

கடி விஷயம் ஒன்று. உங்களையோ, புது வீட்டில் யாரையுமோ கடித்தாலும் பல் கீறினாலும், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். ஊசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள், ஒன்றைக்கூட விடக்கூடாது. தெருநாய்களைத் தொடர்ந்து தூக்குகிறவர் என்றால் கடிபடும் முன்பே முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

காப்பகத்தில் விட்டுவிடச் சொல்லி உங்களிடம் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். எவ்வளவு நல்ல காப்பகமாக இருந்தாலும் நூறு நாய்க்கு நடுவில் நோய் தொற்றுவது சுலபம், அந்த இடம் யாரும் ஏற்காத, முடியாத நாய்களுக்கு இருக்கட்டும். இளம் வயது, சாதுவான நாய், இவளுக்கு வீடு கிடைக்கும்.

இப்போது வீட்டுக்காரர் விஷயம். "எடுத்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்குக் கோபம்தான் வரும். ஒரு தேதி சொல்லுங்கள், இரண்டு மாதம் கேளுங்கள், கருத்தடைச் சீட்டையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் காட்டுங்கள். வாசலைத் தினமும் நீங்களே கழுவிவிடுங்கள், ராத்திரி குரைக்காமல் உள்ளே படுக்க வையுங்கள். அவருக்கு உண்மையில் எது தொந்தரவு என்று கேட்டால், நாற்றம், இல்லை பேரப்பிள்ளை வரும்போது பயம் என்று ஏதோ ஒன்று சொல்வார், அதைச் சரி செய்வது சுலபம். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தெரிந்தவர்கள் இரண்டு வீட்டில் மூன்று மூன்று வாரமாக மாற்றி வையுங்கள், சாப்பாட்டுச் செலவும் மருந்துச் செலவும் உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இடம் கொடுப்பார்கள். அதற்கு மேல் இடம் மாற்றாதீர்கள், ஒவ்வொரு மாற்றமும் அவளை இன்னும் பயந்தவளாக்கும். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் கருத்தடைக்கு நாள் வாங்குங்கள், தையல் பிரித்த மறுநாளே படம் எடுத்துவிடலாம்.